ஆட்டு வாடை

நம் வயசு செட்டில் இன்னும் காபி குடிக்க அனுமதி உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னால் ஒரு கையும் எழும்பாது என்று நினைக்கிறேன். ஒருவருக்கு நெஞ்சுப் படபடப்பு, ஒருவருக்கு அல்சர், இன்னொருவருக்கு வீட்டில் கண்டிப்பு. எனக்கும் டாக்டர் நிறுத்திவிட்டார். காபி வறுக்கும் வீட்டில் வளர்ந்தவள் காலையில் சீரகத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள். குடிக்கத்தான் தடை, பேசத் தடையில்லை. நான் நாலாவது படித்த வருஷம் எங்கள் வீட்டில் வந்த தை மாதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நாம் தவழ்ந்தும் நடந்தும் பழகிய வருஷங்களில் ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்ததை நம் வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்பு அம்மா பெங்களூரில் ஒரு காபிக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தாள். கம்பெனி மூடியதும் அப்பாவின் ஊரான கண்ணமங்கலத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அப்பாவின் குடும்பத்துக்கு, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை இருந்தது. அம்மாவுக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ஜவ்வாது மலைக்கு ஏறிப் போனாள். சாமையும் புளியும் தேனும்தான் மலை என்று கீழே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பலா மரத்து நிழலிலும் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்குக் கீழேயும் காபிச் செடி இருக்கிறது என்று அம்மாதான் வந்து சொன்னாள். கொஞ்ச நாளில் மலைமேலேயே ஓர் ஓட்டு வீட்டையும் அதன் பின்னால் இருந்த தகரக் கொட்டகையையும் வாடகைக்குப் பிடித்து, எங்களையும் மேலே ஏற்றிவிட்டாள்.

கொட்டகைக்குள் வறுக்கும் மிஷின் இருந்தது. பீரோ உயரம்தான் இருக்கும். கீழே கேஸ் எரியும், உள்ளே டிரம் சுற்றும். பக்கத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பார்கள். சூடு ஏறுவது அதில் ஒரு கோடாக வளைந்து போகும். கொட்டை ஒரு பதத்துக்கு வந்ததும் பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கும். வெடித்த பிறகு எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பாள் அம்மா. கடையில் அரைத்துக் கொடுக்கிற தூள் இல்லை இது. ஒரு தோட்டத்துக் கொட்டையை இன்னொன்றோடு கலக்காமல், சிக்கரி போடாமல், தனியாக வறுத்து, பையின் மேல் தோட்டக்காரர் பெயரையும் அதில் என்னென்ன வாசனை வரும் என்பதையும் அச்சடித்து விற்பது. போனில் ஆர்டர் வரும். அப்பா பைகளை வண்டியில் கட்டிக்கொண்டு கண்ணமங்கலம் கூரியர் ஆபீசுக்கு இறங்குவார். அந்தப் போனின் கண்ணாடி மூலையில் உடைந்திருந்தது, என் விரலை ஒருமுறை கிழித்தும் இருக்கிறது. இப்போது அதைக் காட்டினால் நம் பேரப் பிள்ளைகள் இது என்ன ஓடு என்று கேட்பார்கள்.

பையில் என்ன வாசனை என்று எழுதுவதை முடிவு செய்வது அம்மாவின் மூக்கு. எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி அந்த மூக்குதான்.

அதற்குச் செய்த பணிவிடைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. புதுக் கொட்டை வரும் தை, மாசி மாதங்களில் வீட்டில் எந்த வாசனையும் இருக்கக்கூடாது. ஊதுபத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது. மணமில்லாத ஒரு வெள்ளைச் சோப்பைத்தான் மூவரும் தேய்த்துக் குளிக்கவேண்டும். காலையில் அம்மா காபி ருசி பார்த்து முடிக்கும்வரை அடுப்பில் தாளிக்கக்கூடாது. அதனால் அந்த மாதங்களில் நான் பள்ளிக்குத் தயிர்ச்சோறுதான் கட்டிக்கொண்டு போனேன், அதுவும் கடுகில்லாமல். தலையில் மல்லி வைக்கக்கூடாது. எனக்கும் அம்மாவுக்கும் கனகாம்பரம்தான். பார்க்க அழகாக இருக்கும், மூக்கில் வைத்து இழுத்தாலும் ஒன்றும் வராது.

கண்ணமங்கலத்திலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுகொண்டு ஆரம்பிப்பார்.

"சாம்பிராணி வாசன இல்ல, பூ வாசன இல்ல. இது இன்னா வூடா, ஆஸ்பத்திரியா?"

அத்தை தலையில் வைத்து வரும் மல்லிச்சரத்தை அப்பா வாசலிலேயே வாங்கிக் கொய்யா மரக்கிளையில் மாட்டிவிடுவார். திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம். அத்தை கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடமாட்டார், அடுத்த வேளை சாப்பிடுவார்.

தீபாவளியோடு போன வருஷக் கொட்டை தீர்ந்துவிடும். மிஷினைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிடுவோம். வறுக்காத கொட்டை கொஞ்சத்தை மட்டும் அம்மா நீல மூடி போட்ட ஒரு ஜாடியில் அடைத்து வைப்பாள். போன வருஷத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது எதுவோ அதுதான் ஜாடிக்குப் போகும். புது வருஷத்தை எதோடு ஒப்பிடுவது என்பதற்காக அது.

அந்தத் தையில் முதலில் வந்தது தோட்டத்துப் பெரியம்மாவின் காபி.

அவர் எங்களுக்கு உறவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே, ஓடையைத் தாண்டிப் போனால் அவர்கள் தோட்டம். தலைமுறை தலைமுறையாக மலையில் இருப்பவர்கள். அம்மா அவரை அக்கா என்றதால் எனக்குப் பெரியம்மா. எங்களுக்குக் காபி கொடுத்த சில தோட்டங்களைத் தவிர மலையில் மற்றவர்கள் பச்சை, சிவப்பு எல்லாப் பழத்தையும் ஒரேயடியாக உருவி, தார் ரோட்டோரம் கொட்டிக் காயவைத்து வியாபாரிக்குப் போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் முதல்முறையாகப் பெரியம்மாவும் அம்மா சொன்னபடி கேட்டார். சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தார். வலை கட்டிய கட்டில்களில் மெல்லிசாகப் பரப்பி, வெயில் ஏற ஏறத் துழாவிவிட்டார், பனி இறங்கும் முன் மூடினார். பெரியப்பாவுக்கு இதெல்லாம் வீண்வேலை. இந்தத் தடவை காபி தேறவில்லை என்றால் செடியை எல்லாம் வெட்டிவிட்டு வேறு ஏதாவது நடப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தச் செடிகள் பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அவர் கையால் நட்டவை.

அதனால் அன்று காலை மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிய பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் கொட்டகை வாசலிலேயே நின்றார். அம்மா கொஞ்சம் வறுத்து எடுத்தாள். வறுக்கும்போதே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கண்ணாடி டம்ளர்களில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். மேலே தூள் ஆடை கட்டி நிற்கும். கரண்டியால் அதை உடைக்கும்போதுதான் மணம் குபீரென்று கிளம்பும். மூக்கு அப்போது டம்ளருக்கு மேலே இருக்கவேண்டும். அப்புறம் ஒரு கரண்டி எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சி, வாயில் உருட்டி, சிவப்பு வாளியில் துப்பவேண்டும்.

வழக்கமாக அம்மாவுக்கு எந்த டம்ளரில் யாருடைய காபி என்று தெரியக்கூடாது. டம்ளருக்கு அடியில் தோட்டத்தின் அடையாளத்தை ஒட்டி இடம் மாற்றி வைப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்குப் பெரிய கர்வம். ஆனால் அன்று ஒரே ஒரு தோட்டத்துக் காபிதான் வந்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாரும் நினைத்துவிட்டோம்.

அம்மா கரண்டியால் ஆடையை உடைத்தாள். குனிந்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கோச்சிக்காதீங்க அக்கா. இதுல ஆட்டு வாடை வருது."

பெரியம்மா ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தார்.

"கட்டிலுக்கு அந்தாண்டதான் ஆட்டுக் கொட்டாய் கீது. ஆனா நா கிட்ட வுடலியேம்மா. குச்சி எடுத்துக்கினு காவல் இருந்தேன்."

"காத்துலயே ஏறிடும் அக்கா. பக்கத்துல இன்னா வாடை கீதோ, கொட்டை அத்த இழுத்து வெச்சிக்கும்."

அம்மா சொன்னது பொய்யில்லை. காபிக் கொட்டையின் குணம் அது. பெரியம்மா வாதாடவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். மூட்டையை அப்பா தூக்கி விடுகிறேன் என்றபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனார். அவர் போவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அது பெரியம்மாவுக்காக என்றுதான் நான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்கு ஆட்டுக்குட்டிகளோடு விளையாடப் போனேன். கொட்டாய் காலியாக இருந்தது. தரையைச் சுரண்டி, சாணி மெழுகி, மூங்கில் தட்டிக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"ஆடெல்லாம் எங்க பெரியம்மா?"

"வித்துட்டேன் பாப்பா. உங்கம்மா சொல்லிட்டா இல்ல? அடுத்த வருசம் ஒரு பொட்டு வாடை வரட்டும் பாக்கலாம்."

அதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது, அடுத்த முறை எழுதிக்காட்டுகிறேன் என்கிற மாதிரி சொன்னார். அடுத்த வருஷம் வரைக்கும் செடியை வெட்டக்கூடாது என்று பெரியப்பாவிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தார். காபி மூட்டை பரணில் கிடந்தது. அதையும் வியாபாரிக்குப் போடவில்லை. நாற்றம் பிடித்ததை அவனுக்கு எப்படிப் போடுவது, போகிற இடமெல்லாம் நம் மலையின் பேர் கெட்டுவிடும் என்றார். நான் ஓடிவந்து வீட்டில் சொன்னேன். அப்பா அதைக் கேட்டு, "நல்லதுதான். இனிமே கொட்டை சுத்தமா வரும்" என்றார். எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காதோரம் வெள்ளை விழுந்த கறுப்பு ஆட்டை நான் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் அடுத்தடுத்த தோட்டங்களின் காபி வந்தது. ஒன்றில் ஈரச்சாக்கு வாடை என்றாள் அம்மா. இன்னொன்றில் டீசல். பருவம் தப்பிப் பெய்த மழையில் மலையே கெட்டுப்போய்விட்டது என்று அப்பா முடிவு கட்டினார். பெங்களூரில் ஒரு காபிக் கடைக்காரர் எங்கள் புதுக் கொட்டைக்காகக் காத்திருந்தார். அவர் போன் அடித்தால் அப்பா கொய்யா மரத்தடிக்குப் போய்த்தான் பேசுவார்.

வீட்டுக்குள் வேறு என்னவெல்லாமோ நடந்தது. அம்மா தினமும் அப்பாவை இரண்டாம் முறை குளிக்கச் சொன்னாள். மணமில்லாத சோப்பு நாறுகிறது என்று தூக்கி எறிந்தாள். சோற்றைத் தள்ளிவிட்டு, அப்போதுதான் உலுக்கி வந்த புளியம்பழத்தை ஓடு உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். இப்போது கேட்கும் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். மூன்று படம் பார்த்தவனுக்குக்கூடப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் புரியவில்லை. காரணம் இருந்தது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இனி நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சை அதன்பின் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அத்தைகூட எடுப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இனி வராது என்று கதவைச் சாத்தி வைத்த இடத்தை யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை அப்பா நீல மூடி ஜாடியைத் திறப்பதைப் பார்த்தேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவசரமாகக் கொஞ்சம் வறுத்து, புதிதாக வந்த காபிகளோடு அதையும் ஒரு டம்ளரில் போட்டார்.

"அடியில ஒட்டிடு. அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

எல்லாப் புதுக் காபியும் ஒரே வருஷத்தில் எப்படிக் கெடும் என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கவேண்டும். ஆனால் அந்த மூக்கைச் சந்தேகிக்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அம்மா மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்தாள். முதல் டம்ளர், தலையாட்டல். அடுத்தது, தலையாட்டல். கடைசியில் ஜாடிக் காபியிடம் வந்தாள். ஆடையை உடைத்துக் குனிந்ததும் கரண்டியைக் கீழே போட்டாள்.

"தூ! இத்த யாரு குடுத்தது? எல்லாத்தையும் விட இதான் குப்ப."

அப்பா டம்ளரை எடுத்து அடியைத் திருப்பி அவளிடம் காட்டினார். அதில் நான் ஒட்டியிருந்தது ஒரு துண்டு நீலக் காகிதம்.

அம்மா அதைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முகம் மூடிய காலத்தில் அவளுக்கும் அந்தக் காய்ச்சல் வந்து, சில வாரம் வாசனையே தெரியாமல் இருந்து, பிறகு திரும்பி வந்ததாம். இப்போது அது வேறு வடிவில் வந்து மூக்கை மொத்தமாகக் கெடுத்துவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

"முடிஞ்சி போச்சி. மிஷின வித்துடலாம்" என்றாள் அம்மா.

"வாய மூடு. வேலூர் போலாம், டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றார் அப்பா. அம்மாவை அவர் அதட்டிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மூவரும் ஒரே வண்டியில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மா வாந்தி எடுத்தாள். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அப்பா. வருஷக்கணக்கில் அந்தப் பாதையில் ஏறி இறங்கியவள் அவள்! வேலூரில் ஒரு மூக்கு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் அம்மாவின் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், காபிக் கதையை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

அங்கிருந்து எங்களை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இன்னாப்பா?" என்று கேட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பிறகு இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தார். மூக்குக் கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே குழப்பம்.

டாக்டர் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா வண்டியைக் கண்ணமங்கலம்வரை ஓட்டிவந்து கடையில் விட்டுவிட்டு, அங்கே எங்கள் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா வழியெல்லாம் வயிற்றில் கை வைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள். மலை தெரியத் தொடங்கியதும் அவள் முகம் மாறியது.

"அக்காவோட காபி" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஐயோ, ஆடு" என்றாள்.

அன்று சாயங்காலமே ஓடையைத் தாண்டிப் போனோம். பெரியம்மா கட்டில்களின் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள். நான் முழுகாமல் இருக்கிறேன், எனக்கு எந்தக் காபியும் பிடிக்கவில்லை, கெட்டது உங்கள் கொட்டை இல்லை, என் மூக்கு. முதல் வார்த்தையைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. கடைசி வார்த்தை வந்தபோது அந்த மலர்ச்சி போய்விட்டது.

"அப்போ ஆட்டு வாடை இல்லியா?"

"இல்ல அக்கா."

பெரியம்மா வலையைக் கீழே போட்டார்.

"எனக்குத் தெரியும்! மூட்டைய கட்டறப்போகூட மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சி. எம் மூக்க நம்பாம உம் மூக்க நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும். வெலைக்கு வாங்குன ஆடா அதுங்க? ஒன்னொன்னும் இங்க பொறந்தது. கொட்டாய்க்கு சுண்ணாம்பு வேற அடிச்சேன், சுண்ணாம்பு!"

அம்மா எதிரே கைகட்டி நின்றாள். பரணில் இருந்த காபி வாடையோ என்னவோ, நின்ற இடத்திலேயே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பெரியம்மா சட்டென்று வந்து ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்தார், இன்னொரு கையால் முதுகைத் தடவினார். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அறிவு வேணாம்? மூணு தபா ஆயிருக்கு உனக்கு, நாலாவது தபா தெரியாதா? நாள் பாக்கத் தெரியாதவ நாலு ஊரு காபிய பாக்க வந்துட்டா. துப்பு, நல்லா துப்பு. இந்தா தண்ணி."

அம்மா வாந்திக்கும் அழுகைக்கும் நடுவே "மன்னிச்சிக்கோங்க அக்கா" என்றாள். மன்னித்தேன் என்று பெரியம்மா சொல்லவில்லை. ஆனால் பிடித்த அந்த நெற்றியை அவர் வெகுநேரம் விடவில்லை.

மறுநாளிலிருந்து அப்பா ஆடுகளைத் தேடி இறங்கினார். கலசப்பாக்கம் பக்கம் விசாரித்து, படவேட்டில் வாங்கிய ஆளைக் கண்டுபிடித்தார். மற்றவை எல்லாம் கறிக்குப் போய்விட்டன. கறுப்பு ஆடு மட்டும் சினையாக இருந்ததால் அதை வெட்டாமல் கட்டி வைத்திருந்தான். அப்பா அதைத் திருப்பி வாங்கி, மினிலாரியில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்தார். ஓடையைக் கடக்கும்போது தோளில் தூக்கிக்கொண்டார். பெரியம்மா அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு மோர் கொடுத்தார்.

இப்போது பரணில் இருந்த காபியை வறுத்தாகவேண்டும். யார் வறுப்பது? அம்மாவால் கொட்டகைப் பக்கமே வரமுடியாது. ஒரு டம்ளருக்கு அவசரமாக வறுத்ததைத் தவிர, மோட்டார் காயில் கட்டும் குடும்பத்தில் பிறந்த அப்பாவுக்கு மிஷினின் மோட்டாரைத்தான் தெரியும். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். காற்று எதிர்ப்பக்கம் வீசுகிற நாளாகப் பார்த்து, கொட்டகைக்கு எட்டத்தில் பலா மரத்தடியில் அம்மா மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்குத்தான் போச்சு, காது இருக்கிறதே. கொட்டை வெடிக்கிற சத்தம் அவளுக்கு அங்கே கேட்டது. லேப்டாப்பில் சூடு எவ்வளவு என்று நான் நடுவில் நின்று கத்துவேன். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... எடுங்க!" என்று துண்டுக்குள்ளிருந்து கூவுவாள். அப்பா மூடியைத் திறந்து கொட்டுவார். முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டார்.

சூடான கொட்டை தட்டில் சுற்றி ஆறும்போது அப்பா குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். மெதுவாக வந்து அம்மாவிடம் சொன்னார்.

"எனக்கு பலாப்பழ வாடை வர்ற மாதிரி கீது."

"மரத்தடியில நின்னுட்டு சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

"தையில ஏது பழம்? அங்கயும் அப்டித்தான் வந்துச்சி. சொன்னா நம்பு."

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் வழியில்லை. பையில் ஏதாவது ஒரு வாசனையை அச்சடித்தே ஆகவேண்டும். அப்பாவின் மூக்கை நம்பிப் 'பலாப்பழம்' என்று போட்டார்கள், அதற்குக் கீழே பெரியம்மாவின் பெயர். பைகள் கூரியரில் போன அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பெங்களூர்க்காரர் காபி நன்றாக இருக்கிறது, இருப்பதை எல்லாம் அனுப்புங்கள் என்றார். பலாப்பழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டுப் பெரியப்பா செடியை வெட்டும் பேச்சை விட்டார். ஆனால் அப்பாவுக்கு மட்டும் அந்த உறுத்தல் போகவில்லை. வேறு காபிகள் வறுக்கும்போதெல்லாம், "அன்னிக்கி நெஜமாவே வந்துச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அம்மாவுக்கு வாந்தி நின்ற பிறகும் காபி வாடை மட்டும் பிரசவம்வரை ஒத்துக்கொள்ளவில்லை. பழைய மூக்கு திரும்ப வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் இருவருக்கும் இருந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவணியில் தம்பி பிறந்தான். வேலூரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அத்தை உதவிக்கு வந்திருந்தார். தலையில் தாராளமாக மல்லி வைத்துக்கொண்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு, பழைய கணக்கை எல்லாம் தீர்த்துக்கொண்டார். ஒரு நாள் மத்தியானம், புகையெல்லாம் அடங்கிய நேரம், "ஊரெல்லாம் உங்க காபிய குடிக்குது, எனக்கு ஒரு வாய் குடுத்தியாடா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா எடுத்துவைத்திருந்த பெரியம்மா காபியின் கடைசிப் பையைப் பிரித்தார். வாடை அம்மாவுக்குப் போகக்கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். அம்மா கூடத்தில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா டம்ளரோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"ஆட்டு வாடை வருது."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கை நான் இதுவரை யாருக்கும் சரியாகச் சொல்லிக் காட்ட முடிந்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது வாசலில் குரல் கேட்டது.

"வூட்ல யாரும் இல்லியா?"

பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கறுப்பு ஆடு போட்ட குட்டி. காதோரம் அதே வெள்ளை. குழந்தை எழுந்துவிடக்கூடாது என்று அதன் வாயைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். அத்தைதான் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். அப்பா டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூக்கை இன்னும் உயர்த்தியே வைத்திருந்தாள்.

"இரு இரு. பலாப்பழ வாடையும் வருது. எடுத்தாந்தீங்களா அக்கா? சீசன் முடிஞ்சிடுச்சே?"

"நா குட்டிய தூக்கறதா, பழத்த தூக்கறதா? வேற ஒன்னும் எடுத்தாரலம்மா."

எல்லாரும் அப்பாவின் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தோம். அப்பா எழுந்து வந்து அதை அம்மாவிடம் நீட்டினார். அம்மா டம்ளரை வாங்கி மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தம்பியின் போர்வையில் விழுந்தது.

"இதையா அக்கா நான் ஆட்டு வாடைன்னு சொன்னேன்?"

பெரியம்மா குட்டியைக் கீழே இறக்கிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, ஆறிடப்போவுது. குடி."